தாழம்பூவின் சாட்சி

சென்ற வருஷம் தை மாசத்தில் ஆரம்பித்து வைகாசி வரைக்கும், சாயங்காலம் ஆறு மணி அடித்தால் நான் ஒரு கம்பெனியின் அதிகாரியாகிவிடுவேன். சம்பளம் கிடையாது, ஒரு டம்ளர் காபி மட்டும் உண்டு. ஆபீஸ், எங்கள் வீட்டு மொட்டை மாடி. திருவண்ணாமலையில் பே கோபுரத் தெருவில் இருக்கிறது வீடு. மாடியில் மேற்கே பார்த்து உட்கார்ந்தால் மலை முழுசாகக் கண்ணில் நிற்கும். அந்த மலைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்துகொண்டு, எதிர் நாற்காலியில் இருக்கும் பெண்ணைப் பார்த்து, எனக்கே அர்த்தம் தெரியாத கேள்விகளைக் கேட்பேன்.

"வார், லெட், கான்ஸ்ட் - இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?" என்பேன், மிகவும் கண்டிப்பான குரலில்.

பக்கத்து மாடியில் வற்றல் அள்ளிக்கொண்டிருக்கும் அம்மாள் ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். கதை எழுதுகிறவனுக்கு ஒரு நாள் இப்படித்தான் ஆகும் என்று அவர் முன்பே எதிர்பார்த்திருக்க வேண்டும்!

பெண், என் அண்ணன் மகள். அண்ணன் ஆரணியில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார். அவள் இதே ஊரில் எஞ்சினீயரிங் படித்தவள். அவள் படித்துக்கொண்டிருந்த 2021, 2022-ல் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கல்லூரி வாசலுக்கே வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போயின. அவள் முடித்து வெளியே வந்தபோது அந்த வரத்துக் குறைந்துவிட்டது. கல்விக் கடன் மட்டும் குறையவில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை பாங்கி பேசாமல் இருக்கும். அதற்கப்புறம் மாசா மாசம் தவணை கட்ட வேண்டும். அந்த ஒரு வருஷம் வைகாசியோடு தீருகிறது. ஆரணி வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் போதாது. ஆகவே ஒரு லாப்டாப், இரண்டு நீளநோட்டு ஆகியவற்றோடு எங்கள் மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள்.

"சித்தப்பா, ஒரு உதவி செய்யணும். நீங்க இந்த நோட்டிலே இருக்கிற கேள்வியை எல்லாம் என்னைக் கேட்கணும். இன்டர்வியூவிலே கேட்கிற மாதிரி" என்றாள்.

நோட்டில் நூறு கேள்விகள் இருந்தன. அத்தனையும் ஜாவாஸ்கிரிப்டைப் பற்றியவை. "இன்னும் எட்டைச் சேர்த்து நூற்றெட்டாக்கிவிடேன், அம்மா" என்றாள் என் மனைவி.

ஜாவாஸ்கிரிப்ட் என்பது, நாம் கைப்பேசியிலோ கம்ப்யூட்டரிலோ ரயில் டிக்கெட் வாங்கும்போது, பொத்தானைத் தொட்டதும் அந்தப் பக்கத்தை அசைய வைக்கிற பாஷையாம். 1995-ல் நெட்ஸ்கேப் என்ற அமெரிக்கக் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் அதன் முதல் உருவத்தைச் செய்துவிட்டார் என்று சொன்னாள். பத்து நாளில் என்னால் ஒரு தொடர்கதையின் இரண்டு அத்தியாயங்கள்கூட எழுத முடியாது. அந்த மனிதரிடம் எனக்கு உடனே மரியாதை உண்டாகிவிட்டது.

முதல் வாரம் நான் ஒரு மோசமான அதிகாரியாக இருந்தேன். அவள் என்ன சொன்னாலும், "பேஷ், பேஷ்!" என்றேன். "இன்டர்வியூவிலே யாரும் பேஷ் சொல்ல மாட்டாங்க, சித்தப்பா. சுவரைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க" என்று திருத்தினாள். நானும் மலையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். பதில்கள் தண்ணீர் மாதிரி வந்தன. எனக்குப் பரம திருப்தி.

இரண்டாவது வாரம் காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. பதினாலாவது கேள்விக்குப் பதிலாக நாற்பத்தோராவது கேள்வியைப் பாதியிலிருந்து படித்துவிட்டேன். அவள் கொஞ்சமும் தயங்காமல் பதினாலாவது கேள்வியின் பதிலையே ஒப்பித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பெண் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கவில்லை, நோட்டைப் படித்திருக்கிறாள்!

அன்றைக்கு நோட்டை மூடி வைத்துவிட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "ஏன்?" அதையே கேட்பதென்று தீர்மானித்தேன். "எனக்கு விளங்கும்படி சொல்லு. விளங்கினால்தான் மார்க்" என்றேன். அவளுக்கு முதலில் கோபம் வந்தது. "உங்களுக்கு எப்படி விளங்கும், சித்தப்பா?" என்று கேட்டே விட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் விளங்க வைத்தாள்.

ஒரு கேள்வியை மட்டும் சொல்லுகிறேன். நாலு கட்டளைகள். முதலாவது, 1 என்று அச்சிட வேண்டும். இரண்டாவது, பூஜ்ய விநாடி கழித்து 2 என்று அச்சிட வேண்டும். மூன்றாவது, ஏற்கனவே நிறைவேறிவிட்ட ஒரு வாக்குறுதியின் பேரில் - பிராமிஸ் என்றே அதற்குப் பெயர் - 3 என்று அச்சிட வேண்டும். நாலாவது, 4. எந்த வரிசையில் வரும்? ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எந்தக் குழந்தையும் சொல்லும். நானும் சொன்னேன். தப்பு. 1, 4, 3, 2 என்றுதான் வரும்.

"ஏன்?" என்றேன்.

நோட்டில் இருந்த இங்கிலீஷ் பதிலைச் சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டு கோபுரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நம்ம கோயில் மாதிரி, சித்தப்பா. சன்னதிக்கு ஒரே வாசல். ஒரு சமயத்திலே ஒருத்தர்தான். உள்ளே நிற்கிறவங்க வேலை முடிஞ்சால்தான் அடுத்தவங்க. 1-ம் 4-ம் ஏற்கனவே உள்ளே நிற்கிறவங்க. பூஜ்ய விநாடின்னு சொன்னாலும் 2 வெளியிலே போய்ப் பொது வரிசையிலே நின்னுதான் வரணும். பிராமிஸ் சிறப்புத் தரிசனச் சீட்டு. உள்ளே காலியானதும் அந்த வரிசையைத்தான் முதல்லே விடுவாங்க."

பௌர்ணமியன்று பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் சுற்றிவிட்டு வந்து, பொது வரிசையில் விடிய விடிய நின்றவனுக்கு இதைவிடத் தெளிவாக யார் விளக்க முடியும்? "பேஷ்!" என்றேன். இந்தத் தடவை அவள் ஆட்சேபிக்கவில்லை.

அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்கிறவர்கள், சிக்கல் ஏதாவது வந்தால் மேஜை மேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு, அதற்கு வரி வரியாக விளக்கிச் சொல்வார்களாம். சொல்லும்போதே தப்பு எங்கே என்று அவர்களுக்கே புலப்பட்டுவிடுமாம். ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் என்ற இருவர் 1999-ல் எழுதிய 'தி பிராக்மாடிக் புரோகிராமர்' என்ற புத்தகத்தில் இந்த முறை வந்திருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டே இதைச் சொன்ன பிறகுதான் எங்கள் மாடியில் என் உத்தியோகம் இன்னதென்று எனக்குப் புரிந்தது. அதிகாரி அல்ல, வாத்து!

மாசி மாசத்தில் ஒரு நாள், முன்னும் பின்னும் ஒரே மாதிரி படிக்கப்படும் வார்த்தையைக் கண்டுபிடிக்கும் கேள்வி வந்தது. எழுத்துக்களைத் தனித்தனியாகப் பிரித்து, திருப்பிப் போட்டு, மறுபடி சேர்த்து, பழையதும் புதியதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். மூன்று வரியில் எழுதிவிட்டாள். 'மேடம்' என்ற வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில் கொடுத்தாள். சரி என்று வந்தது. 'லெவல்' என்பதும் சரி.

"விகடகவி போட்டுப் பார்" என்றேன். தெனாலிராமன் கதை படித்த எவனுக்கும் வேறென்ன தோன்றும்?

போட்டாள். "இல்லை" என்று வந்தது.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். ஒருமுறை திருப்பியும் படித்துப் பார்த்தோம். விகடகவி விகடகவியாகத்தான் இருந்தது. அந்த வார்த்தையில் எத்தனை எழுத்து என்று யந்திரத்தைக் கேட்டாள். ஏழு என்றது! நாம் அரிச்சுவடியில் படித்தபடி ஐந்துதானே? பிறகுதான் விஷயம் தெரிந்தது. 'வி' என்பது நமக்கு ஓரெழுத்து. யந்திரத்துக்கு 'வ' ஒன்று, மேலே போடும் குறி ஒன்று, ஆக இரண்டு. திருப்பிப் போடும்போது குறி வேறாகவும் 'வ' வேறாகவும் கழன்று, குறி முன்னால் வந்து அனாதையாக நிற்கிறது.

"இதை எப்படிச் சரி செய்வது?" என்று கேட்டேன்.

"தெரியலையே, சித்தப்பா!" என்றாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை மாசத்தில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது அவமானம் அல்ல. பண்டம் இருக்கும் டப்பாவைக் கண்ட குழந்தையின் முகம் அது. சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் கண்டுபிடித்துவிட்டாள். எழுத்தை மனிதர்கள் எண்ணுகிற மாதிரியே எண்ணிப் பிரிக்க, 'இன்ட்ல் செக்மென்டர்' என்ற ஒரு கருவியை அந்தப் பாஷையிலேயே பின்னால் சேர்த்திருக்கிறார்கள். அதை வைத்துப் பிரித்ததும் ஐந்து எழுத்து. விகடகவி சரி என்று வந்தது. சீகாழியில் திருஞானசம்பந்தர் பாடிய திருமாலைமாற்றுப் பதிகம் முழுவதும் இப்படி முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கப்படுவது என்று நான் சொன்னேன். அதையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். கேள்விப் பட்டியலில் இல்லாத வேலைக்கு ஒரு ராத்திரி போயிற்று.

பங்குனியில் இரண்டு இன்டர்வியூக்கள் வந்தன. வீட்டிலிருந்தபடியே, லாப்டாப்பின் முன்னால் சட்டையும் துப்பட்டாவும் சீராகப் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே எழுதிக் காட்ட வேண்டும். இரண்டிலும் கடைசியில் ஒரே கேள்வி: "முன் அனுபவம் உண்டா?" இல்லை என்றாள். பிறகு தகவல் இல்லை.

சித்திரை பிறந்து நாலாம் நாள் அண்ணன் வந்தார். சாப்பிட்ட பிறகு என்னை மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். பெண்ணும் பின்னாலேயே வந்தாள்; விஷயம் அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது. சென்னையில் ஏதோ ஒரு கன்சல்டன்சி. இரண்டு வருஷம் வேலை பார்த்ததாக அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் தயார் செய்து கொடுப்பார்களாம். கம்பெனியிலிருந்து விசாரித்தால், "ஆமாம், இங்கேதான் இருந்தாள்" என்று சொல்ல ஆளும் போன் நம்பரும் உண்டாம். அறுபதாயிரம் ரூபாய், பாதி முன்பணம். அந்த முப்பதாயிரத்தை நான் கொடுக்க வேண்டும்.

"கம்பெனிக்காரங்க பி.எஃப். கணக்கைப் பார்ப்பாங்கப்பா" என்றாள் பெண். இந்தக் காலத்தில் வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்த தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று உண்டு. எங்கே, எப்போது வேலை பார்த்தார் என்பது அதில் பதிந்திருக்கும்.

"அதுக்கும் ஏதோ வழி வச்சிருக்காங்களாம். ஒரு தடவை உள்ளே நுழைஞ்சுட்டா, அப்புறம் உன் சாமர்த்தியத்திலே எல்லாத்தையும் சரி பண்ணிக்கலாம்" என்றார் அண்ணன்.

"உள்ளே போனதைத் திருத்த முடியாதுப்பா" என்றாள் அவள்.

அண்ணனுக்கு அது விளங்கியிருக்காது, எனக்கு விளங்கியது. அறுபத்தேழாவது கேள்வி அது. 'நல்' என்றால் அந்தப் பாஷையில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஆனால், "நல் என்ன வகை?" என்று அதையே கேட்டால், "பொருள்" என்று பதில் சொல்லும். ஒன்றுமில்லாதது எப்படிப் பொருளாகும்? தப்புத்தான். 1995-ல் முதல் உருவத்தைச் செய்தபோதே நேர்ந்த தப்பு. திருத்திவிடலாம் என்று பிற்காலத்தில் யோசனை வந்தது, தள்ளிவிட்டார்கள். அதற்குள் உலகமெங்கும் அந்தத் தப்பை நம்பி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. இப்போது திருத்தினால் அவையெல்லாம் உடையும். முதல் நாள் தவறு, இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே, தம்பி? நீ எழுதறதும் பொய்தானே? அதுக்குப் பணம் வாங்கலையா?"

"நாவல் என்று அட்டையிலேயே போட்டுத்தானே அண்ணா விற்கிறேன்?" என்றேன்.

"அது இருக்கட்டும். 2003-ல் நீ என்ன செஞ்சே?"

வாசகர்களுக்கு நான் இதுவரை சொல்லாத சமாசாரம் இது. கல்லூரியில் இரண்டாவது வருஷத்தோடு நின்றுவிட்டவன் நான். 2003-ல் சென்னையில் ஒரு கணக்கர் ஆபீஸுக்கு விண்ணப்பம் போட்டேன். பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்று எழுதினேன். மூன்றே எழுத்து. வேலை கிடைத்தது. முதலாளி தங்கமான மனிதர். "சர்ட்டிபிகேட் எங்கே, தம்பி?" என்று கேட்டார். "பட்டமளிப்பு விழா இன்னும் ஆகவில்லை, சார்" என்றேன். அதற்கப்புறம் எட்டு மாசம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். என் பெயரை யாராவது உரக்கக் கூப்பிட்டால் வயிற்றைக் கலக்கும். கல்லூரிப் பேச்சு வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். ஒன்பதாம் மாசம் ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். "உனக்குச் சம்பளம் உயர்த்தப் போகிறேன். பைலில் வைக்க அந்தச் சர்ட்டிபிகேட்டை மட்டும் நாளைக்குக் கொண்டு வா" என்றார். மறுநாள் நான் போகவில்லை. பாக்கி இருந்த மாசச் சம்பளத்தைக்கூட வாங்கவில்லை. ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன். யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. என்னை நம்பிய ஒரு நல்ல மனிதரிடமிருந்து நானாகவே திருடனைப் போல ஓடி வந்தேன்.

இதையெல்லாம் பெண்ணின் முன்னால் சொல்லி முடித்தேன். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓடி வந்தே, சரி. கெட்டா போயிட்டே?" என்றார் அண்ணன். பிறகு குரல் இறங்கிவிட்டது. "வைகாசியிலே தவணை வருது. நேர்மையைக் கொண்டு போய்க் கொடுத்தா பாங்கியிலே வாங்கிக்குவானா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரிசி மண்டியில் முப்பது வருஷம் ஒரு நயா பைசா கூடக் குறையக் கணக்கெழுதாத மனிதர் அவர். மகளுக்காக இப்படி ஒரு காரியத்துக்கு வந்து நிற்கிறார் என்றால் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்திருப்பார்! "முப்பதாயிரம் தருகிறேன், அண்ணா. சான்றிதழுக்கு இல்லை, தவணைக்கு. அது தீர்கிற வரைக்கும் குழந்தை தேடட்டும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆரணி பஸ் ஏறுமுன் கோயிலுக்குப் போனோம். சிவன் கோயில்களில் கருவறைக்குப் பின்சுவரில் இருப்பவர் லிங்கோத்பவர். இந்த ஊர்க் கதையே அதுதான். அடியும் முடியும் தெரியாமல் ஜோதி நிற்கிறது. திருமால் பன்றியாகிக் கீழே தோண்டிப் போகிறார். பிரம்மா அன்னமாகி மேலே பறக்கிறார். இரண்டு பேரும் காணவில்லை. வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, "நான் முடியைக் கண்டேன் என்று சாட்சி சொல்" என்கிறார் பிரம்மா. அதுவும் சொல்கிறது. பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போயிற்று. தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடம் இல்லாமல் போயிற்று. சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட கதை. ஆனால் பொய் சொன்னவரைப் பற்றியே நாம் பேசுகிறோம். திரும்பி வந்து, "தேடினேன், காணவில்லை" என்று சொன்னவரைப் பற்றி நான் அன்றைக்குத்தான் யோசித்தேன். பரீட்சையில் அவரும் தோற்றவர்தான். ஆனாலும் அவருக்கு ஒரு குறையும் வரவில்லையே!

அண்ணன் அந்தச் சுவரின் முன்னால் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாக நின்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார். கன்சல்டன்சியைப் பற்றி அதற்கப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்த முதல் இன்டர்வியூவில் அவளுக்குத் தெரியாத கேள்வி ஒன்று வந்தது. "தெரியாது. ஆனால் இப்படி இருக்கலாம் என்று நினைக்கிறேன், யோசித்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டாளாம். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி, அவளோடு கூடவே அரை மணி நேரம் யோசித்தாராம். அப்படியும் அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்ததும் கிடைக்கவில்லை. வைகாசிக் கடைசியில் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. அவள் எதிர்பார்த்ததில் பாதிச் சம்பளம். தவணை போக மிச்சத்தில் ஹாஸ்டலுக்குக் கட்டிவிட்டு, இரண்டு மாசத்துக்கு ஒருமுறை ஆரணிக்கு வருகிறாள். பைலில் இருப்பதெல்லாம் அவளுடைய சொந்தக் காகிதங்கள். யாராவது உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "என்ன சார்?" என்று நேரே எழுந்து போகலாம்.

விகடகவியைப் பற்றி எந்த இன்டர்வியூவிலும் யாருமே கேட்கவில்லையாம். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது சாயங்காலங்களில் எதிர்வீட்டுப் பையன் நோட்டோடு வருகிறான். அவன் படிப்பது ஜாவாஸ்கிரிப்ட் அல்ல, பைத்தான் என்று ஒரு பாஷையாம். "உங்களுக்கு அது தெரியுமா, சார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"தெரியாது. உட்கார்" என்றேன். வாத்துக்கு எந்தப் பாஷையானால் என்ன?